நிலாந்தி எடுத்த முதல் பாட்டு

நிலாந்திக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீடியோ ஸ்ரூடியோவில் எடிற்றிங் வேலை. வீடு வேலணைத் தீவில், சரவணையில். காலையில் பஸ் ஏறிப் பண்ணைப் பாலத்தால் போய், பொழுதுபடத் திரும்புவாள். நாள் முழுக்க மற்றவர்களுடைய தாலிகட்டும் மற்றவர்களுடைய ஆனந்தக் கண்ணீரும் அவளுடைய கொம்பியூட்டரில் ஓடும். அவற்றை வெட்டி ஒட்டி, அடியில் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டு, கனடாவில் இருக்கிற சித்தப்பாவும் பார்த்து மகிழ்கிற மாதிரிச் செய்து கொடுக்க வேண்டும். முப்பது வயது நெருங்கிவிட்டது. ஐந்து நிமிடமென்றாலும் தன் பெயரில் ஒரு படம் இல்லையே என்ற எண்ணம் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அன்ரனிதாஸை அவள் முதலில் கண்டது ஊர்காவற்றுறையில் ஒரு கலியாண வீட்டில்தான். கமராவுக்கு ஆள் போதாதென்று அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பந்தி முடிந்த பிறகு, கடற்றொழில் செய்கிற ஒரு ஐம்பது வயது கடந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். அவரே கட்டிய பாட்டு.

“கரையில நில்லடி கண்மணியே - இந்தக்
காத்துத் திரும்பவும் நான் வருவன்...”

குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் அந்தக் கரகரப்புக்குள்ளால் பாட்டு வந்த விதத்தில் வீடே அடங்கிப்போனது. குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி மேரிஜோசப்பின், எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கண்டு உள்ளே ஓடிவிட்டாள். நிலாந்தி மணமக்களை விட்டுவிட்டுக் கமராவைப் பாடுகிறவர் பக்கம் திருப்பினாள். அடுத்த நாள் முதலாளியிடம் நல்ல ஏச்சு வாங்கினாள். அது அவளுக்கு ஏறவேயில்லை. தனக்குரிய படம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அடுத்த கிழமையே அவருடைய வீட்டுக்குப் போனாள்.

“அண்ணை, உங்கட பாட்டை ஒழுங்காப் பதிஞ்சு, ஒரு வீடியோவும் எடுப்பம்.”

“உது பைத்தியக்கார வேலை பிள்ளை. என்ர மூஞ்சையை ஆர் பாக்கப் போறாங்கள்?” என்று சிரித்தார் அன்ரனிதாஸ். ஆனால் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கினார்.

ஒலிப்பதிவு எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பாடினார். ஓரிடத்தில் இழுத்தார், மறுமுறை அதை விட்டுவிட்டு வேறோரிடத்தில் இழுத்தார். இடையிடையே குரல் கிழிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் பாடினார். ஒருவாறு முழுப்பாட்டும் பதிவானபோது, ஒலிப்பதிவு செய்தவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணை, உந்தத் தொண்டை எவ்வளவு காலமா இப்பிடிக் கிடக்கு?”

“அது கனகாலம். பனிக்குளிர் பிடிச்சதாக்கும்.”

“ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ.”

காட்டினார்கள். குரல்வளையில் புற்றுநோய். அதை வெட்டி எடுத்தால் ஆள் தப்பலாம், பிறகு குரல் இருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள். இனி மூச்சு அதற்குள்ளால்தான்.

இதை நிலாந்திக்கு ரெலிபோனில் சொன்னது அன்ரனிதாஸ்தான். அழவில்லை. “பிள்ளை, ஒபரேசனுக்குத் திகதி தந்திட்டாங்கள். அதுக்கு முன்னம் உம்மட படத்தை எடுத்துப்போடும். நான் பாடுறதை ஆக்கள் பாக்கவேணும்” என்றார்.

அதற்குப் பிறகு நிலாந்திக்கு நித்திரை வரவில்லை. சும்மா ஆசைப்பட்டுத் தொடங்கிய ஒன்று, இப்போது ஒரு மனிதனின் கடைசி ஆசையாக அவள் தலையில் வந்து இறங்கியிருந்தது. பாட்டுக்குப் படம் எடுப்பது எப்படியென்று கைத்தொலைபேசியில் தேடித் தேடிப் பார்த்தாள். கூட வேலை செய்யும் கமராக்காரர் கீர்த்திகனைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

சாட்டிக் கடற்கரையில் படப்பிடிப்பு. சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. வெளிக்கிடும்போதே கீர்த்திகன் சொன்னார்: “காத்து இறங்கட்டும் நிலாந்தி. இதுக்குள்ள பாட்டுப் போட்டாலும் அவருக்குக் கேக்காது.”

“ஒபரேசன் அடுத்த கிழமை. காத்து எப்ப இறங்கும்?”

கீர்த்திகன் கமராப் பையைத் தோளில் போட்டார்.

கடற்கரையில் மண் பறந்து முகத்தில் அறைந்தது. அவள் கொண்டுவந்திருந்த சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டாள். அன்ரனிதாஸ் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் நின்றுகொண்டு காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரைக் கிட்டக் கொண்டுபோனாள்; படத்துக்குள் விழுந்தது. தூர வைத்தாள், காற்று கொண்டுபோனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் களைத்துப்போவாரோ என்ற பயம் வேறு.

“அண்ணை, ஸ்பீக்கரை விடுங்கோ. நீங்கள் உங்கட பாட்டுக்குப் பாடுங்கோ. பிறகு நான் பொருத்திறன்!” என்று கத்தினாள்.

“பொருந்துமோ?” என்று கீர்த்திகன் கேட்டார்.

“அவரின்ர பாட்டுத்தானே. பொருந்தும்.”

அன்ரனிதாஸ் பாடினார். வாயசைக்கச் சொன்னால் அவருக்குத் தெரியாது; நெஞ்சைத் திறந்து பாடத்தான் தெரியும். கடலைப் பார்த்துப் பாடினார், கரையில் நின்ற மேரிஜோசப்பினைப் பார்த்துப் பாடினார், வலையை உதறிக்கொண்டு பாடினார். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுக்கு மேலால் துண்டு துண்டாகத்தான் குரல் கேட்டது. முடிந்ததும் மேரிஜோசப்பின் முந்தானையால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நிலாந்தி அன்றைக்குத்தான் தன்னை ஒரு இயக்குநர் என்று முதன்முதலாக நம்பினாள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவள் எடிற்றிங்கில் உட்கார்ந்தாள்.

பாட்டை அடியில் போட்டு முதல் காட்சியை மேலே வைத்தாள். வாய் ஒரு சொல்லில் நின்றது, பாட்டு வேறொரு சொல்லில் நின்றது. கொஞ்சம் நகர்த்தினாள். முதல் சொல் பொருந்தியது, இரண்டாவது விலகியது. அடுத்த காட்சியைப் போட்டாள். அதுவும் அப்படியே. ஒலிப்பதிவில் அவர் ‘கண்மணியே’ என்று நீட்டிய இடத்தில், கடற்கரையில் வாயை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரே பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரிப் பாடாத மனிதர் அவர் என்பது ஒலிப்பதிவு அறையிலேயே தெரிந்திருந்தும், அது தன் படத்துக்கு என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை.

சரி, கடற்கரையில் பாடியதையே பாட்டாகப் போடுவோம் என்று கமராவில் பதிந்த சத்தத்தைத் திறந்தாள். ஊ என்ற காற்று. ஆரம்பம் முதல் முடிவு வரை காற்று. அந்தக் காற்றுக்கு அடியில் எங்கோ ஒரு மனிதக்குரல் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். அந்த மனிதர் தன் குரலால் கடைசியாகப் பாடிய பாட்டு அதுதான். அதைப் பதிய ஒரு நல்ல மைக் வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. வேலைத்தலத்தில் ஆட்கள் இருந்ததால் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

வாரக்கணக்காக மல்லுக்கட்டினாள். முகம் வருகிற இடமெல்லாம் வெட்டி, அலையையும் கொக்கையும் பாதைப் படகு வந்து சேருகிற இறங்குதுறையையும் போட்டுப் பார்த்தாள். ஆள் இல்லாத ஊரைப் படம் பிடித்த மாதிரி இருந்தது. ‘நான் பாடுறதை ஆக்கள் பாக்கவேணும்’ என்றல்லவா கேட்டார்?

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அறிந்தும் பார்க்கப் போகவில்லை. மேரிஜோசப்பின் இடையிடையே ரெலிபோன் எடுப்பாள்.

“படம் எப்பிடிப் பிள்ளை? மனுசன் ஒவ்வொரு நாளும் கேக்குது.”

“இன்னும் கொஞ்ச வேலை கிடக்கு அக்கா.”

பொய் சொல்லிச் சொல்லி, ரெலிபோன் அடித்தாலும் எடுக்காமல் விடத் தொடங்கினாள். வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்று யோசித்தாள். கடைசியில் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், ஏச்சுக்கும் அடிக்கும் தயாரானவள் போல, பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

அன்ரனிதாஸ் விறாந்தையில் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. மூச்சு விடும்போது அந்தத் துணி அசைந்தது. துளைக்குள் ஒரு துளி தண்ணீர் போனாலும் ஆபத்து என்பதால் கடலுக்கு இனிப் போகக்கூடாதென்று சொல்லிவிட்டார்களாம். நிலாந்தியைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைக் காட்டினார். அந்த மலர்ச்சியை அவளால் தாங்க முடியவில்லை. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: பொருந்தவில்லை, கடற்கரையில் பாடியது பதியவுமில்லை, பிழை முழுக்கத் தன்னுடையது.

மேரிஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்ரனிதாஸ் குனிந்து கழுத்துத் துணியைச் சரிசெய்தார். பிறகு நிமிர்ந்து உதடுகளை அசைத்தார். சத்தமில்லை.

“என்னவாம் அக்கா?”

மேரிஜோசப்பின் அவருடைய வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்: “குரல்தானே போனது... வாய் இருக்குத்தானே... எண்டுறார்.”

நிலாந்திக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு, பாட்டைப் போட்டால் வாயசைக்கிறேன் என்பதுபோல் அவளுடைய கைத்தொலைபேசியைக் காட்டினார்.

“வேண்டாம்!” என்று மேரிஜோசப்பின் சத்தம் வைத்தாள். “இந்த மண்காத்துக்குள்ள உவரைக் கொண்டுபோய்ச் சாக்காட்டப் போறீரோ?”

“வெளியில வேண்டாம் அக்கா. உள்ளுக்க எடுப்பம். கதவு யன்னல் எல்லாம் பூட்டிப்போட்டு.”

“படமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

அன்ரனிதாஸ் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். அவளுடைய முகத்துக்கு நேரே ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதை அவள் நிலாந்திக்குச் சொல்லவில்லை. எழும்பிப் போய் முன்னறை யன்னலைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு கீர்த்திகன் கமராவோடு வந்தார். அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அலுமாரியை ஒதுக்கி, வெறும் சுவருக்கு முன்னால் அன்ரனிதாஸை இருத்தினார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. நிலாந்தி பாட்டைப் போட்டாள்.

முதல் வரி வந்ததும் அவருடைய முகம் அப்படியே உறைந்துபோனது. ஒபரேசனுக்குப் பிறகு தன் குரலை அவர் கேட்டதில்லை. பாட்டு ஓடி முடியும்வரை வாயை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. கீர்த்திகன் கமராவை நிறுத்திவிட்டார்.

திரும்பப் போட்டார்கள். இப்போது உதடு அசைந்தது. ஆனால் பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடியது. தன்னுடைய பழைய குரலைப் பிடிக்க அவரால் முடியவில்லை. அது நீட்டுகிற இடம் எதுவென்று அவருக்கே தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுச் சலித்து, கோபத்தில் கதிரைக் கையில் குத்தினார்.

அப்போதுதான் மேரிஜோசப்பின் வந்து கமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். பாட்டு தொடங்கியதும் அவள் சத்தமில்லாமல் வாயசைத்தாள். ஒவ்வொரு சொல்லும் அச்சொட்டாகப் பொருந்தியது. எங்கே நீளும், எங்கே கரகரக்கும், எங்கே மூச்சு வாங்கும், எல்லாம் அவளுக்குப் பாடமாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் வீட்டில், நிலாந்தி முன்பு அனுப்பிவைத்த அந்த ஒலிப்பதிவைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அன்ரனிதாஸ் அவளுடைய வாயைப் பார்த்துத் தன் வாயை அசைத்தார். பொருந்தியது.

ஒரு சரணம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. கடைசிச் சரணத்தில் குரல் ஒரு நீண்ட இழுப்பாகப் போகும். அதற்கு வாயைத் திறந்தவர் இருமத் தொடங்கினார். சால்வையை இழுத்து எறிந்தார். துளையால் சளி தெறித்தது. மேரிஜோசப்பின் ஓடிப்போய்த் துணியை வைத்து அழுத்தினாள்.

இருமல் அடங்கியதும் நிலாந்தி சொன்னாள்: “அண்ணை, கடைசி மட்டும். இன்னும் ஒருக்கா.”

அவர் தலையாட்டினார். சால்வையைத் தேடினார்.

கீர்த்திகன் லென்ஸை மூடினார். “நான் எடுக்கமாட்டன்.”

“ஒருக்காத்தானே கீர்த்திகன் அண்ணை!”

“அந்தாளைப் பாரும்,” என்றார் அவர். “படத்தைப் பாக்காதையும். ஆளைப் பாரும்.”

பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் கண் இன்னும் கமராவிலேயே இருந்தது. நிலாந்தி ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

கடைசிச் சரணத்துக்குக் கடற்கரையில் எடுத்த, அவர் முதுகைக் காட்டி வள்ளத்தை நோக்கி நடக்கிற காட்சியைத்தான் போட வேண்டியிருந்தது. படம் வெளிவந்தது. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. ஊர்ச்சனம் பார்த்தது, வெளிநாட்டில் இருக்கிற தீவுச்சனம் பார்த்தது. பாடுகிறவர் கமராவைப் பார்க்காமல் ஏன் பக்கத்தில் பார்க்கிறார், இயக்குநருக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒருவர் எழுதியிருந்தார். நிலாந்தி அதற்குப் பதில் எழுதவில்லை. அவள் கலியாண வீடியோக்களுக்குத் திரும்பினாள். அடுத்த படம் எப்போது என்று கேட்டவர்களுக்கு, தெரியாது என்றாள். இன்னொரு மனிதரை அப்படிக் கதிரையில் இருத்த அவளுக்குப் பயமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து அன்ரனிதாஸைப் பார்க்கப் போயிருந்தாள். நோய் பின்னும் பரவியிருக்கலாம் என்று சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் இருக்கும்போதே மேரிஜோசப்பினின் ரெலிபோன் அடித்தது. பாரிசில் இருந்து யாரோ. பாட்டைப் பார்த்தார்களாம். அங்கே பெருநாள் விழாவில் மேடையில் பாட அவரைக் கூப்பிட வேண்டுமாம், ஒழுங்கெல்லாம் தாங்களே செய்வார்களாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மூவருக்கும் கேட்டது.

அன்ரனிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியைப் பார்த்து உதடுகளை அசைத்தார். நிலாந்திக்கு இப்போது அவருடைய வாயைப் படிக்க வந்திருந்தது. ‘வாறன் எண்டு சொல்லு.’

மேரிஜோசப்பின் ரெலிபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“அவருக்கு ஏலாது தம்பி” என்றாள்.