குழாயில் வந்த மஞ்சள் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில் பஸ் மாறி, இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறினால் எங்கள் தோட்டம். உச்சியில் மேல் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், அதற்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே எங்கள் லயம். நான் பிறந்தது மேல் லயத்தில், வாழ்க்கைப்பட்டது கீழ் லயத்தில். "தங்கச்சியத் தூர தேசத்துல கட்டிக் குடுத்திட்டோம்" என்று அண்ணன் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

எங்களுக்குத் தண்ணீர் வருவது நடுவில் தேயிலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து. ஊற்றைச் சுற்றித் தொட்டி கட்டி, அங்கிருந்து லயத்துக்குக் குழாய் இழுத்திருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். கொதிக்க வைக்கச் சொன்னால் சிரிப்பார்கள். "டவுன் தண்ணியத்தான் கொதிக்க வைக்கணும், இது மலைத் தண்ணி" என்பது என் மாமியார் போட்ட சட்டம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவளுக்கு அடிக்கடி வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், தேறி வருவாள், மறுபடியும் துவண்டு படுப்பாள். என்ன தண்ணீர் குடிக்கிறாள் என்றுதான் டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் கொழுந்து எடுக்கப் போன பிறகு, பிள்ளை குழாயில் வாய் வைப்பதை மலையில் நின்றுகொண்டு நான் எப்படித் தடுப்பது? ஒவ்வொரு தடவையும் இந்த முறை பிழைப்பாளா என்று பயந்துகொண்டே கிடப்பேன்.

அன்றைக்கு மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாள். மேல் லயத்தில் விடிந்ததுமே தொடங்கிவிடுவார்கள். நாங்கள் பூசை முடிந்த பிறகுதான். அதனால் எங்கள் பக்கம் இன்னும் ஒரு துண்டு மஞ்சள்கூட இடிக்கவில்லை. அப்போது குழாயடியிலிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குழாயில் மஞ்சள் தண்ணீர் கொட்டுகிறது!

"ஆத்தா வந்திட்டா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி பாதிப் பூசையில் எழுந்து வந்து குழாய்க்குச் சூடம் காட்டினார். அவரவர் வீட்டிலிருந்து குடம், போத்தல், பிளாஸ்டிக் வாளி எல்லாம் வந்து வரிசை கட்டின. பொய் சொல்லக் கூடாது, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால், மாமியார் ஒரு டம்ளர் நிறைய அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு என் மகளிடம் போகிறார். "குடிம்மா, ஒனக்குத்தான் ஆத்தா அனுப்பியிருக்கா. இனி வயித்து வருத்தமே வராது."

பாய்ந்து போய் டம்ளரைத் தட்டிவிட்டேன். ஏன் தட்டினேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சூடம் தானாகவே பற்றியிருக்கும்.

"சாமி குத்தம் பண்ணிட்டியேடி!"

"கொஞ்சம் பொறுங்க மாமி" என்று சொல்லிவிட்டு, மேல் லயத்தில் இருந்த அண்ணனுக்கு போன் போட்டேன். என் மனதில் ஓடியது ஒன்றுதான். இந்த நேரத்தில் மஞ்சள் கரைத்திருப்பவர்கள் மேல் லயத்துக்காரர்கள் மட்டும்தானே?

"அண்ணே, மஞ்சத்தண்ணிய என்னா செஞ்சீங்க?"

"வெளையாடி முடிஞ்சிச்சு. மிச்சத்த கான்ல ஊத்தி அண்டாவையும் கழுவியாச்சு. ஏன், தங்கச்சிக்குப் பங்கு வேணுமா?" என்று சிரித்தார்.

கான் என்பது லயத்துக் கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அப்படியென்றால் அந்தத் தண்ணீரா எங்கள் குழாயில் வருகிறது? இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மேல் லயத்தில் மஞ்சள் ஊற்றினார்கள் என்றால், அங்கேயும் ஆத்தாதான் ஊற்ற வைத்தாள் என்பார்கள். அப்போதுதான் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டைகள் கண்ணில் பட்டன.

"அண்ணே, அண்ணி வெள்ளச் சட்டைக்குப் போடுற நீலம் வீட்டுல இருக்கா? இருக்கிறத எல்லாம் வாளியில கரைச்சி அதே கான்ல ஊத்துங்க. ஏன்னு கேக்காதீங்க."

பிறகு குழாயைச் சுற்றி நின்றோம். மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பூசாரி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வருகிறது, வருகிறது, மஞ்சளாகவே வருகிறது. தோற்றுப் போனேன், இன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்று நினைத்த நேரத்தில் மஞ்சள் பச்சையானது. கிளிப்பச்சை! கொஞ்ச நேரத்தில் பச்சையும் போய் நல்ல நீலமாகக் கொட்டியது.

யாரும் குலவை போடவில்லை. மாமியார் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"மஞ்சளா வந்தா ஆத்தா. நீலமா வந்தா யாரு, பெருமாளா?"

"பெருமாள் இல்ல மாமி, எங்க அண்ணன். மேல் லயத்துக் கான் தண்ணியத்தான் இவ்வளவு நாளும் குடிச்சிருக்கோம்."

போத்தல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. பூசாரி நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போய்த் துப்பினார்; நான்கைந்து வாய் தீர்த்தமாகக் குடித்திருந்தாராம் பாவம். அதைப் பார்த்து ஒருத்தி சிரிக்க, பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். என் பிள்ளையின் வியாதி எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டேனே.

மேலே ஏறிப் பார்த்தோம். மழைக்கு மண் சரிந்து கான் உடைந்திருந்தது. மானாப்புல் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. உடைந்த இடத்திலிருந்து கழிவுத் தண்ணீர் நேராகத் தொட்டி மூடியின் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து மேல் லயத்துக்காரர்கள் மம்பட்டியோடு வந்தார்கள், முகத்தில் மஞ்சள்கூடக் கழுவாமல். அண்ணன் என் மகளைத் தூக்கிக்கொண்டார். "மாமன் அழுக்குத் தண்ணியையா குடிச்சே" என்று மட்டும் சொல்லி அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மஞ்சள் நீராட்டுக்குப் பதில், எல்லோரும் கூடி உழைக்கும் சிரமதானம்தான் நடந்தது. கானை வேறு பக்கம் திருப்பினோம். தோட்டத்து ஆபீசில் சீமெந்து கேட்டு வாங்கி மூடியைப் பூசினோம், தொட்டியைக் கழுவி மருந்து போட்டோம். பரிசோதிக்க வந்த சுகாதார அதிகாரி மாத்தயா, என்ன செய்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பது மாமியார்தான். குமிழி வரவில்லை என்றால் அடுப்பை விட்டு நகர மாட்டார். டம்ளரைத் தட்டியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதெல்லாம் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்னால், மேல் லயத்துக் கானில் நீலம் கரைத்து ஊற்றுகிறார்கள். நாங்கள் கீழே குழாயைச் சுற்றி நிற்போம். நேரம் ஆக ஆகத் தெளிந்த தண்ணீரே வந்தால்தான் பூசாரி சூடம் ஏற்றுவார். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கன்னம் பூரித்துவிட்டது. அன்றைக்கு வந்தது ஆத்தா இல்லை என்று லயத்தோடு சண்டை பிடித்தவள் நான். ஆனால் மகள் வெள்ளைச் சட்டையோடு படியிறங்கி ஓடும்போதெல்லாம், இந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று ஆத்தா சொல்ல நினைத்திருந்தால் இப்படித்தானே சொல்லியிருப்பாள் என்று எனக்கே தோன்றுகிறது.