எல்லா டிரைவிங் ஸ்கூலிலும் என் அம்மா

என் அக்கா புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அக்கா, "கம்ப்யூட்டர்ல பிசினஸ்" என்பாள். அம்மா, "வீட்லதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அத்தான் டிரைவிங் ஸ்கூல்களுக்கு வெப்சைட் விற்கிறார். அவர்களுக்கு மட்டும்தான். பேக்கரிக்காரர் வந்து கேட்டால்கூடக் கிடையாது.

இணையத்தில் வெப்சைட் வைப்பதற்கு இடம் வேண்டும். அத்தான் அந்த இடத்தை ஒரு பெரிய கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி, துண்டு போட்டு, தன் பெயரில் வாடகைக்கு விடுவார். ஒரு மாடி முழுவதையும் எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுகிறவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராவிட்டால் குடியிருப்பவர்கள் இவர் கதவைத்தான் தட்டுவார்கள். இடத்தோடு டெம்ப்ளேட்டும் கொடுப்பார். எல்லாப் பக்கமும் தயாராக இருக்கும். ஸ்கூல் பெயரையும் படங்களையும் மாற்றிக்கொண்டால் வெப்சைட் ரெடி. இதெல்லாம் நடப்பது துணி காயப்போடும் எங்கள் பால்கனியில். மேசைக்கு மேலே ஈரத் துண்டு தொங்கும். சொட்டினால் லேப்டாப்பை நகர்த்திக்கொள்வார், துண்டை நகர்த்த மாட்டார். அப்படி ஒரு மனுஷன்.

முன்பு செருப்புக் கம்பெனியில் விற்பனை வேலையில் இருந்தார். இங்கிருந்த கிளையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு டெம்ப்ளேட் செய்கிறேன் என்று வாரக்கணக்கில் டிரைவிங் ஸ்கூல் கார்களின் பின்சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தார். ஃபீஸ் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். "சார், திட்டுவீங்களா?" என்றுதான் கேட்கிறார்களாம். அதனால் அவருடைய டெம்ப்ளேட்டின் உச்சியில் பெரிய எழுத்தில் "இங்கே திட்ட மாட்டோம்" என்று இருக்கும். தொண்டை கிழியக் கத்துகிற ஓனர்கள்கூட அதை அப்படியே விட்டுவைத்தார்கள். அவர்கள் எதையுமே மாற்றுவதில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டெம்ப்ளேட்டின் கீழ்ப்பகுதியில் 'எங்கள் மாணவர் சொல்கிறார்' என்று ஒரு கட்டம். மாதிரிக்கு ஒரு படம் வேண்டுமே என்று அத்தான் என் அம்மாவின் படத்தைப் போட்டு, "இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இப்போது நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்" என்று எழுதிவைத்தார். என் அம்மா சைக்கிள்கூட ஓட்டியதில்லை. 'இங்கே உங்கள் மாணவரின் படத்தைப் போடவும்' என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். ஒருவர்கூடப் போடவில்லை. அம்மாவின் முகம் ராசியான முகம் என்று அவரவர் பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். கடைசியில் இந்த வட்டாரத்தில் அம்மா படிக்காத டிரைவிங் ஸ்கூலே இல்லை என்றாகிவிட்டது.

அம்மாவுக்கு இது காய்கறிக் கடையில்தான் தெரிந்தது. ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். "நீங்கதானேம்மா அது? கார்னாலே எனக்கு நடுக்கம். உங்க படத்தைப் பாத்துத்தான் தைரியமா சேர்ந்தேன்."

அம்மா பையைக் கீழே வைக்காமலே பால்கனிக்குப் போனாள். "மாப்ள, நான் எப்போ கார் ஓட்டினேன்?"

அத்தான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் அத்தான் எல்லா வெப்சைட்டிலிருந்தும் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார். எடுத்தால் ஆயிற்றா? ஒரே தெருவில் ஸ்கூல் வைத்திருக்கும் இரண்டு ஓனர்கள் தங்கள் இரண்டு வெப்சைட்டிலும் ஒரே முகம் இருந்ததை அதற்குள் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றார்கள். அத்தான் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ஹாரன், ஹேண்ட்பிரேக். ஹாரன் சத்தம் போடுவார். ஹேண்ட்பிரேக் எதற்கும் "முடியாது" என்பார்.

"அந்தம்மா என் ஸ்டூடண்ட்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் ஹாரன்.

"நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தேன்னு நானும் சொல்லியிருக்கேன்" என்றார் ஹேண்ட்பிரேக்.

கதவைத் திறந்துவிட்ட அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேர்ல யாரு எனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. இந்த இரண்டு பேர் டிரைவிங் ஸ்கூல் ஓனர்கள் சங்கத்தில் வாய் திறந்தால் மற்ற ஸ்கூல்களும் விலகிவிடும். அந்தச் சமயத்தில்தான் செருப்புக் கம்பெனி அத்தானைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. வேலை வேறு ஊரில், ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில். அக்காவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, குழந்தைக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. போனால் அவர் தனியாகத்தான் போக வேண்டும். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். அக்கா போங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அந்தம்மா நிஜமாவே லைசென்ஸ் எடுத்துட்டா எங்க மானம் தப்பிக்கும்" என்று ஹாரன் ஆரம்பித்தார்.

"உங்க மானத்துக்காக இல்ல. அந்தக் காய்கறிக் கடைப் பொண்ணு என்னை நம்பிச் சேர்ந்திருக்கா. அவ எந்த ஸ்கூல்?" என்று அம்மா கேட்டாள்.

அது ஹாரனின் ஸ்கூல். அம்மா ஃபீஸ் கட்டி அங்கேயே சேர்ந்தாள். இலவசமாகச் சொல்லித்தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, "ஓசில கத்துக்கிட்டா நீங்க திட்டுறதக் கேட்டுக்கிட்டு இருக்கணும்" என்றாள். தினமும் காலையில் அம்மாவும் அந்தப் பெண்ணும் மாறி மாறி ஓட்டினார்கள். திரும்பி வந்து அம்மா குடத்தோடு தண்ணீர் குடிப்பாள். கனவில் கியர் போடுகிறாள் என்று ஒரு நாள் அக்கா சொன்னாள். நான் நம்பவில்லை, பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். உண்மைதான், என் காலில்தான் கிளட்சை மிதித்தாள்.

டெஸ்ட் அன்று அந்தப் பெண் பாஸாகிவிட்டாள். அம்மாவும் வளைவிலெல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறாள். எதிரே தப்பான பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்காரர் வந்திருக்கிறார். அம்மா நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அந்த மனுஷனை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். பின்னால் பஸ், லாரி எல்லாம் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. பக்கத்தில் இருந்த அதிகாரி பேசாமல் பெயில் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தான் செருப்புக் கம்பெனியின் நம்பரைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் எதிரே போய் நின்றாள்.

"அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடுங்க மாப்ள. ஹாரன் ஸ்கூல்ல மட்டும். இப்போ நான் நிஜமாவே அவர் ஸ்டூடண்ட்தானே. நான் சொல்றத அப்படியே எழுதுங்க."

அத்தான் எழுதினார்: "டெஸ்ட்டில் பெயிலாகிவிட்டேன். மறுபடியும் போகப்போகிறேன். இங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. நான்தான் ஒருத்தரைத் திட்டினேன்."

மறுநாள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்த ஹாரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெயிலானவங்க படத்தை எந்த மடையன்யா வெப்சைட்ல போடுவான்?" என்றார். "நீங்கதான்" என்றாள் அம்மா. அவள் படத்தைக் காட்டி அவர் அளந்த கதையெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் போல, மனுஷன் அடங்கிவிட்டார்.

இரண்டே நாளில் அவர் அத்தானுக்குப் போன் செய்தார். சத்தம் பால்கனியிலிருந்து கூடம் வரைக்கும் கேட்டது. "வர்ற போனெல்லாம் பெயில் கேஸுங்க சார். ஒருத்தர் நாலு தடவையாம். வெளிய சொல்ல வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே இருந்திருக்காங்க. அந்தம்மா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் சேர்றாங்க."

அடுத்து ஹேண்ட்பிரேக். அவர் கேட்டதுதான் அதிசயம். "என்கிட்டயும் பெயிலானவங்க நிறைய பேர் இருக்காங்க. படம் போட்டுக்கலாம்னு சம்மதிச்சிருக்காங்க. இந்தப் படத்தை எப்படிங்க மாத்துறது?"

டெம்ப்ளேட் விற்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கேள்வியை அத்தானிடம் ஒரு ஓனரும் கேட்டதில்லை. அவர் எழுந்து நின்றுகொண்டு பதில் சொன்னார். அந்த வாரம் முழுக்கப் போனில் இதே வேலைதான். ஒவ்வொரு ஸ்கூலும் தன் சொந்த மாணவரின் முகத்தைப் போட்டது. சங்கத்தில் விலகும் பேச்சே எழவில்லை. சங்கத்தில் சேராத ஸ்கூல்கள்கூட விசாரித்து வந்தன.

மாதக் கடைசியில் அத்தான் எங்கள் எல்லோருக்கும் முன்னால் செருப்புக் கம்பெனிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னார்.

அம்மா, "நான் பாஸானதும் அந்த எழுத்த மாத்திடணும்" என்றாள். "அவசரப்படாதீங்க அத்தை, நீங்க பெயிலாயிட்டு இருக்கிற வரைக்கும்தான் என் பொழப்பு ஓடும்" என்றார் அத்தான். அம்மா அவரை அடிக்கக் கை ஓங்கினாள்.

அக்கா மட்டும் உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அவருடைய சட்டைகள் எல்லாம் இஸ்திரி போட்டு அதில் அடுக்கியிருந்தன. எப்போது அடுக்கினாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள், அழுதுகொண்டேதான் வைத்தாள்.

"போகட்டுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா நீ போன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார் அத்தான்.