கறிக்கடை மாப்பிள்ளை

ஒரு நாய்க்கு ஒரு வேலைதான் என்பது என் வீட்டுக்காரரின் கொள்கை. வாசலுக்கென்று ஒரு கோம்பை நாயை வாங்கினார். முயலுக்கென்று ஒரு சிப்பிப்பாறை. அது நன்றாக ஓடும். முயலோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டுக்கும் முன்பே எங்களிடம் ஒரு நாட்டுப் பெட்டை இருந்தாள். ஆடு மேய்ப்பாள், கடலைக்காட்டில் பன்றி விரட்டுவாள், கோழி களவாக முட்டையிட்ட இடத்தைக்கூடக் காட்டிக் கொடுப்பாள். வயதாகிவிட்டது. பருவத்துக்கு வந்திருந்தாள், இதுதான் கடைசி ஈற்றாக இருக்கும். அவளைப் போலவே இன்னொன்று எனக்கு வேண்டும். அவரோ அவளுக்கு ஜோடியாகக் காரிமங்கலத்தில் ஒரு வேட்டை நாயைப் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"நம்மூரு கறிக்கடை நாயே போதுங்க. அதுவும் எல்லா வேலையும் பாக்குது."

"எலும்பு பொறுக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

ஞாயிறு காலை அவளைக் கொட்டகையில் கட்டிவிட்டுப் பூசைக்குப் போனோம். ஆடுகள் தரிசில் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் ஏறினால் தாமாகவே பின்வழியாக வீடு வந்துவிடும். ஆனால் கடலை முளைத்திருந்ததால் அந்த வழியை அவர் முள் வைத்து அடைத்திருந்தார். அதனால் ஆடுகள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்திருக்கின்றன.

அங்கேதான் வினை. கோம்பையைப் பழக்கும்போது சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து முகர வைத்திருந்தார். ஆட்டை யாராவது அறிமுகம் செய்து வைப்பார்களா? நாங்கள் வந்து சேர்ந்தபோது அது வாசலை மறித்து நின்று, வீட்டு ஆடுகளையே உள்ளே விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே, எங்கள் பெட்டையின் வாசம் பிடித்து வந்த தெருநாய்க் கூட்டம். இரண்டு நாய்கள் சினையாட்டை வேலியோரம் ஒதுக்கிவிட்டன. சிப்பிப்பாறையைக் காணவே காணோம்.

"ஏங்க, உங்க வாசல் ஆபீசரு என்ன பண்றாரு பாருங்க!"

"அது அதோட வேலயத்தான புள்ள பாக்குது!" என்றபடியே கல் பொறுக்கினார்.

அவர் எறிவதற்குள், அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, வேலியைத் தாண்டி வந்தாள் கிழவி. பெண் பார்க்க வந்தவர்கள் என்றுகூடப் பார்க்கவில்லை, ஆளுக்கு ஒரு கடி. எல்லாம் சிதறி ஓடின. கூட்டத்தோடு வந்திருந்த கறிக்கடை நாய் மட்டும் போகவில்லை. காதில் ரத்தம் சொட்ட, சற்றுத் தள்ளிப் படுத்துக்கொண்டு அவளையே பார்த்தது. பக்கத்திலேயே நடுங்கி நின்ற சினையாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஆட்டுக்கறியிலயே வளந்த நாயி. ஒரு பல்லு வெக்கல பாரேன்."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் அவர் அதற்கு எதிராகத்தான் முடிவெடுப்பார், எனக்குத் தெரியாதா அவரை. ஆடுகளை உள்ளே ஓட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன்.

அவர் கைப்பேசியை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு காரிமங்கலத்துக்குப் பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணுக்கு உள்ளூருலயே எடம் அமைஞ்சிருச்சுங்க."