எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் ஒரு வேலை

நானும் என் கணவரும் வெள்ளானூரில் விசேஷ வீடுகளுக்கு நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறோம். பிக்கப் வண்டியை அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். குலுக்கலில் முதுகு விண்விண்ணென்று வலிக்கும். அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மண் ரோட்டில் வண்டியின் அடி இடிக்கிறது என்று, போன மழைக்காலத்தில் ஒரு சைஸ் பெரிய டயர் போட்டார். கோயில் வாசலில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, காலி வண்டியை நேராக ஓட்டி நசுக்கினோம். சோதனை அவ்வளவுதான்.

மறுநாள் வண்டி நிறைய பாத்திரங்களோடு வேப்பம்பட்டு கிளம்பினோம். ஏரிக்கரை வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் கரகரவென்று சத்தம். பாரத்தில் வண்டி தாழ்ந்திருந்ததால் டயர் மட்கார்டில் உரசிச் சிக்கிக்கொண்டது. வண்டி திரும்பாமல் ஏரியைப் பார்த்துப் போனது. அவர் பிரேக்கை மிதித்தபடியே இடது கையை நீட்டி என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கரை விளிம்பில் வண்டி நின்றது.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். "பெரிய டயர்னா குலுக்கல் கம்மியாவும்னு நென்ச்சேன். நீ முதுகைப் புட்சிகினு எறங்கறத பாத்துகினுதானே கீறேன்."

திட்ட வாயெடுத்த எனக்கு அழுகைதான் வந்தது.

பழைய சைஸ் டயருக்கே மாறிவிட்டோம். என் சீட்டில் ஒரு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறார். இப்போதெல்லாம் வண்டியில் எதை மாற்றினாலும், முதலில் பாரம் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொல்லி, டயர் உரசுகிறதா என்று நான் குனிந்து பார்க்கிறேன். எலுமிச்சம்பழம் அதற்கப்புறம்தான்.

"ரொம்பக் குனியாத, முதுகு!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும்.