மூன்றாம் டிஷ்ஷில் நான் பிடித்த குற்றவாளி

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். ஆன்டெனா வேலைக்கு அது நல்லதுதான். மனிதர்களிடம் அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதிவிடுகிறேன்.

சுந்தரபாண்டியபுரத்துக்கு வெளியே எங்கள் ஸ்டேஷனில் நான்கு டிஷ்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்ட விண்கலத்தின் சிக்னல் ஒரு டிஷ்ஷுக்குச் சரியாகக் கேட்காது. நான்கும் பிடிப்பதை கேபிள் வழியே கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுவந்து, அலைகள் நான்கும் ஒன்றாக ஏறி இறங்கும்படி ஃபேஸ் பொருத்தி, கம்பைனரில் ஒன்றாகக் கூட்டுவோம். ஒன்றின் ஃபேஸ் தப்பினாலும் மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

சாரல் தொடங்கிய வாரம் மத்தியான நேரங்களில் டேட்டா உடைந்து உடைந்து வந்தது; எங்கள் பேச்சில் அது 'லாஸ்'. பத்து நாளில் விண்கலம் சூரியனுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். எனக்குத் தூக்கமே போயிற்று. ஒவ்வொரு டிஷ்ஷாக நீக்கிப் பார்த்ததில் கோளாறு மூன்றாவதில் என்று தெரிந்தது. கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கான்ட்ராக்ட் டெக்னீஷியன் மைதீன் தினமும் மத்தியானம் அந்தப் பக்கம் போயிருந்தார்.

"ஏம்ப்பா, மூணாம் டிஷ்ல ஒனக்கு தெனமும் என்ன வேல?"

"சும்மா பாத்துட்டு வருதேன், மேடம்."

"சும்மா பாக்கவா இந்த வெயில்ல அம்புட்டு தூரம் போற?"

தலையைக் குனிந்துகொண்டார். போதும், ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

மேனேஜர், "ஆதாரம் இருக்கா மேடம்?" என்றார்.

"அவன் போற நேரமும் லாஸ் வருத நேரமும் ஒண்ணா இருக்கு. இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்?"

அன்றே மைதீனின் கேட் பாஸ் ரத்தானது.

மறுநாள் காலை பத்து மணிக்கே டேட்டா படுத்துவிட்டது, முன்னைவிட மோசமாக. கேபிள் போகும் வழியாகவே நடந்தேன். டிஷ்ஷுக்குக் கொஞ்சம் முன்னால் பாறை. அங்கே மட்டும் கேபிள் தரைக்கு மேலே கிடந்தது. அதன் நீளத்துக்கும் சாக்குகள் விரித்து, ஓரத்தில் ஒரு காலி தண்ணீர் கேன். சாக்குகள் காய்ந்து மொடமொடவென்று இருந்தன.

பாறையைத் தோண்ட முடியாது, தற்காலிகமாக மேலேயே போகட்டும் என்று கையெழுத்துப் போட்டவள் நான். கொஞ்சம் வெயில், கொஞ்சம் சாரல், மறுபடி வெயில். கேபிள் சூடாகிக் குளிர்ந்து ஃபேஸை நகர்த்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு மெலிந்த சிக்னலை அளந்து திருத்த கம்பைனருக்கு நேரம் வேண்டும், அது கிடைக்கவில்லை. மைதீன் காலை ரவுண்டிலேயே சாக்கை நனைத்துப் போட்டு கேபிளை ஒரே குளிர்ச்சியில் வைத்திருந்திருக்கிறார். மத்தியானம் சாக்கு காயும், லாஸ் வரும், திரும்ப நனைக்கப் போவார். நான் அதைத் தலைகீழாகப் படித்திருந்தேன்.

போன் செய்தேன். "ஏம்ப்பா சொல்லல?"

"அந்தப் பேப்பர்ல ஒங்க கையெழுத்துல்லா இருக்கு மேடம். ஏங்கிட்டயே தப்பு கண்டுபிடிக்கியான்னு சத்தம் போடுவீங்கன்னு பயந்துட்டேன். மொதல்ல கேபிள மூடுங்க. நாள் போயிட்டு இருக்கு," என்றார்.

என் தவறை எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் பாறையை உடைத்து கேபிளைப் புதைத்தோம். டேட்டா முழுவதும் இறங்கியது. மைதீனும் வேலைக்குத் திரும்பினார்.

லாஸ் வந்தால் முதலில் உங்கள் கையெழுத்து உள்ள காகிதங்களை எடுத்துப் பாருங்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

நான் ரிட்டயர் ஆகும்வரை மைதீன் மூன்றாம் டிஷ் பக்கம் போகும்போதெல்லாம் என் மேஜைக்கு வந்து, "போயிட்டு வரட்டுமா மேடம்?" என்று அனுமதி கேட்டார். வேறு எந்த டிஷ்ஷுக்கும் அவர் அப்படிக் கேட்டதில்லை.