ஏழாவது இடம்

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நகரிப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதன்பிறகு டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்போதும் அக்கா மகள் கல்யாணத்தின்போதும் தவிர உட்கார்ந்து எதையும் எழுதியதில்லை. எங்கள் தெருவில் தமிழ் நன்றாக எழுதும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லி எழுதவைத்திருக்கலாம். ஆனால் இது என் கையால்தான் இருக்க வேண்டும்.

முன்னால் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்துவிட்டது. மேலே 'கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு' என்று ஒரு வரி. அதன் கீழே ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். கல்யாணம் நடந்த சூளூர்பேட்டையில் எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்பதுதான் விஷயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது சந்தனம், கற்கண்டு, பூ வைத்த தட்டில் இதையும் வைத்துக் கொடுத்தோம்.

மாப்பிள்ளை சித்தூர்ப் பக்கத்துக் கிராமம். அங்கிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து, கல்யாணத்துக்கு மறுநாள் மாலைதான் திரும்புவதாக இருந்தார்கள். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவதும் 'சாப்பிட்டீங்களா' என்று ஆளுக்கு ஆள் கேட்பதும் பெண்ணின் தாய்மாமனான என் வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வருடமாக வேன் ஓட்டுகிறேன். பின்னால் இருப்பவர்கள் பேசுவார்கள், நான் ரோட்டைப் பார்ப்பேன்.

இதற்கு வழி சொன்னவர் மாமா. அக்கா வீட்டுக்காரர். வெங்காய மண்டியில் மூட்டை பிரித்துத் தரம் பார்க்கிற வேலை. அவர் சட்டையிலும் கையிலும் எப்போதும் பச்சை வெங்காய வாசனை இருக்கும். "பேசறதுக்குத்தானே உனக்கு வெக்கம்? எழுதிக் குடுத்துடு மச்சான். நீ போகாத எடமா? நாப்பது ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்" என்றார். எனக்குச் சிறையிலிருந்து விட்டதுபோல இருந்தது.

அன்று மண்டி வாசலில் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுதினேன். ஸ்டேஷன் எதிரில் மீன் சாப்பாடு போடும் மெஸ், முள்ளில்லாத நடுத்துண்டு கேட்டு வாங்கவும். ஹைவேயில் இட்லிக் கடை, காலை எட்டு மணிக்குள் போகவும். ஏரி ரோட்டில் பூநாரை பார்க்கும் இடம். ஆற்றோரத்து அம்மன் கோயில். இறால் வறுத்துக் கொடுக்கும் அம்மாவின் கடை. படகுத்துறை. ஆறோடு நிறுத்திவிட்டேன். மாமா வாங்கிப் பார்த்தார்.

"ஆறுல நிறுத்தாத மச்சான். கல்யாண வீட்டுக் காகிதம். ஒத்தப்படையா இருக்கட்டும்."

சீர்த்தட்டு என்றாலும் மொய் என்றாலும் எங்களுக்கு ஒற்றைப்படைதான். அவர் சொன்னது நியாயமாகப்பட்டது. யோசித்தேன். அந்தச் சித்திரையில் ஒரு குடும்பத்தை ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வெயில் காலத்தில் அங்கே மணல் மேடிட்டு வாய் அடைத்துக் கிடக்கும். பிள்ளைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போனார்கள். 'ஏழு. முகத்துவாரம். குளிக்க நல்ல இடம். தண்ணி இடுப்பளவுதான்' என்று எழுதினேன். மாமா படித்துவிட்டு, "இதான் அழகு" என்றார்.

கல்யாணம் தை மாதம். ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்துகொள்ளும், ஏரித் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகக் கடலுக்கு இழுக்கும். அந்தக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அங்கே இறங்காது. நான் நகரிக்காரன், எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கார்த்திகையில் டீக்கடையில் இரண்டு மீன்காரர்கள், "மொகம் தொறந்துகிச்சு, இனிமே றாலு உள்ள வரும்" என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா பெரிய உடம்புக்காரர், டிராக்டர் வைத்திருந்தார். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தி வளர்ந்தவர். அவர்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தெலுங்கு மீடியம், தமிழ் படிக்க வராது. அதனால் அவர்தான் ரூம் ரூமாகப் போய்க் காகிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பந்தியில் நான் தலைகுனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா மாமோய், பொண்ணுக்குத் தாய்மாமன் நீ. வாய்க்கு பூட்டு போட்டுக்கினு சுத்தற. காகிதம் மட்டும் பேசுது!"

இலை முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. பொதுவாகப் பெண் வீட்டுக் காகிதத்தைச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை பெண்ணையும் மாப்பிள்ளையையும் அக்காவையும் மாப்பிள்ளையைப் பெற்றவர்களையும் என் வேனில் திருமலைக்கு அழைத்துப் போனேன். மலை ஏறுவதற்கு முன்னால் திருப்பதியில் ஒரு ஓட்டலில் இறங்கினோம். எனக்குப் பொங்கல் வந்தது. ஒரு வாய் வைத்தபோது மாமா போன் செய்தார்.

"மாப்ள பக்கத்துல இருக்காரா? நீ எழுந்து வெளிய வா."

வந்தேன்.

"அவுங்க சித்தப்பா போயிட்டாரு மச்சான். தண்ணி இழுத்துக்கினு பூடுச்சு."

"எங்க மாமா?"

"ஏழாவது எடத்துல."

அவர்கள் பதினொரு பேர் ஒரு டெம்போ பிடித்து விடிவதற்கு முன்பே அங்கே போயிருக்கிறார்கள். "இடுப்பளவுதான், வாங்கடா" என்று சொல்லிக்கொண்டே அவர் முதலில் இறங்கியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு மாமா, "எழுதனது யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத. தாலி கட்டறப்ப பொண்ணுக்கு நெத்திப்பட்டம் கட்டன கை உன் கை. அந்தக் கைதான் இதையும் எழுதிச்சின்னு தெரிஞ்சா, பொண்ண வாழவிட மாட்டாங்க. என்னத் திட்டுவாங்க. பொண்ணப் பெத்தவன், திட்டு வாங்கத்தானே இருக்கேன்" என்றார்.

நான் சரி என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன சொற்களில் அதுதான் மிகச் சுலபமாக வந்தது. மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். தீட்டு வந்துவிட்டதால் மலை ஏறாமலே வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் அக்கா மகளின் புது மஞ்சள் கயிறு தெரிந்துகொண்டே வந்தது.

உடல் மறுநாள் மீன்காரர்களின் வலையில் கிடைத்தது. கரையில் கிடத்தியிருந்தார்கள். இறந்தவரின் மனைவி, மாப்பிள்ளையின் சித்தி, அழவில்லை. இந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாமா முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல இடுப்பளவுன்னு கீதுன்னு அவுரு எங்களுக்குப் படிச்சாரே. எழுதன கை எது? காட்டு."

மாமா வலது கையை நீட்டினார். "இதாம்மா."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை முறை என்று தெரியாது. "இந்தக் கை வெளங்காத பூடும். கெடையில கெடந்து சாவ" என்று சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டாள். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் மூன்று முழ தூரத்தில் நின்றேன். என் கை இரண்டும் பேன்ட் பையில் இருந்தன. அவள் கீழே போட்டுவிட்டுப் போன காகிதத்தைப் பிறகு நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு சம்பந்தி வீட்டுப் படியை மாமா மிதிக்கவில்லை. மிதிக்க விடவில்லை. வளைகாப்புக்கு எங்களோடு பஸ்ஸில் வந்தார், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க போயிட்டு வாங்க. புள்ள இன்னா கலர் பொடவ கட்டிக்கினு இருந்துச்சின்னு மட்டும் வந்து சொல்லு" என்றார். அங்கே எனக்குப் பரிமாறியது சித்திதான். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "நீங்க பேசாத மனுஷன், யாருக்கும் கெடுதல் கெடையாது. உங்க மாமா மாரி எழுதி ஆளச் சாவடிக்கல" என்றாள். இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன். எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். திரும்பி வந்து மாமாவிடம், பச்சைப் புடவை என்றேன்.

பேரன் பிறந்தான். மாமா அவனைப் போனில் மட்டும் பார்த்தார்.

போன புரட்டாசியில் மண்டியில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. எங்கள் ஊரிலும் அவர்கள் ஊரிலும் ஒரே பேச்சு, சாபம் பலித்தது என்று. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் நான்கு மாதத்தில் மூன்று முறை சேர்த்தோம். அந்தக் கையை நான்தான் துடைத்துவிடுவேன். வெங்காய வாசனை போயே போய்விட்டது. ஒருநாள், "மாமா, நான் சொல்லிடறேன்" என்றேன். வாய் கோணிப் போயிருந்தது. சொற்கள் வர நேரமானது. "எதுக்கு? ஏழாவது கேட்டது நான்தானே" என்றார்.

தை கடைசியில் போய்ச் சேர்ந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. அக்கா மகள் மட்டும் வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்து, "ஏம்ப்பா எழுதுன?" என்று அழுதாள். அக்கா என்னைப் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியும். அவளும் எதுவும் சொல்லவில்லை.

போகும்போது அக்கா மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். மாமா செத்த சேதி கேட்டதிலிருந்து சித்தி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "என் வாயிதான் ஒரு மனுசனக் கொன்னுடுச்சு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம்.

அவர் சுமந்தது போதாதென்று இப்போது அவளும் சுமக்கிறாள். இதற்குமேல் என்னால் முடியவில்லை.

நாளைக் காலைச் சித்தூர் பஸ்ஸில் போகிறேன். இந்தப் பழைய காகிதத்தையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே கை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சித்திக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்ட அவள் வீட்டுக்காரரும் இல்லை. அந்த வீட்டில் எல்லார் முன்னாலும் நானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஏழாவது வரியையும்.

மாசி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.