சிலுவைச் சந்தியில் நிற்காத பெட்டி

படம் பார்க்க வந்திருந்தவர்கள் இவர்கள்.

மச்சான். என் மனைவியின் தமையன். கிளாரினெட் ஊதுவார். எங்கள் கோயில் பாண்டுக்குப் பொறுப்பும் அவர்தான்.

ஓட்டோக்காரன். சைட் ட்ரம். வாய் மூடாது.

தோட்டவெளியில் இருந்து வருகிற மேசன்மார் இரண்டு பேர். அண்ணன், தம்பி. இரண்டு பேரும் சக்சபோன். அண்ணன் இருமினால் தம்பியும் இருமுவான்.

தையல்காரர். பித்தளைத் தாளம். இந்தியாவில் அகதி முகாமில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் வெள்ளைச் சட்டைகளைத் தைத்ததும் அவர்தான். "ஓம்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "ஆமா" என்பார்.

என் மகள். ட்ரம்பெட்.

நான். பெரிய ட்ரம்.

சுவாமியார். அவர் பாண்டில் இல்லை. லப்டொப்பும் புரொஜெக்டரும் அவருடையவை.

சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். ஒரு கிழமையாய் யாரும் கடலுக்குப் போகவில்லை. தொழிலுக்குப் போகாத நாளில்தான் எனக்கு உடம்பு கூடுதலாய் நோகும். ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் வரச் சொன்னார் சுவாமியார். திருவிழா வருகிறது, பாண்ட் செத்துப்போய் இருக்கிறது, ஒரு படம் பாருங்கோ, கொஞ்சம் சூடு பிடிக்கும் என்றார். பங்கு மண்டபத்து யன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தார்.

படம் தொடங்கினதும் ஓட்டோக்காரன் எழும்பினான்.

"சுவாமி, இது சின்னப் பிள்ளையளின்ர படமெல்லோ. கார்ட்டூன், கையால கீறின படம்."

"இருந்து பார் தம்பி."

"கீறின ஆக்களிட்ட நாங்கள் என்ன பழகிறது?"

"உன்னைவிட வடிவாய்த்தான் கீறியிருக்கு. இரடா," என்றார் மச்சான்.

வேறு தேசத்துப் பாசை. கீழே இங்கிலீசு எழுத்து ஓடியது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். கதை விளங்கியது. மூன்று பேர். ஒரு பிள்ளை ட்ரம்பெட் ஊதும். ஒருத்தன் பியானோ. மற்றவன் ட்ரம். அவனுக்குக் காலையில் பேக்கரியில் பாண் சுடுகிற வேலை. கிடைத்த இடத்தில் எல்லாம் வாசித்துப் பார்க்கிறார்கள். ஒருத்தரும் கேட்க வருவதில்லை.

நடுவில் நான் நித்திரையாகிப் போனேன். முழித்தபோது அந்த ட்ரம்காரன் படியில் ஏறிக்கொண்டிருந்தான். ட்ரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு. பாதிப் படியில் நின்று வாரை மற்றத் தோளுக்கு மாற்றினான். பிறகு ஏறினான். அதை யாரோ இருந்து கீறியிருக்கிறார்கள். கதைக்கு அது தேவையில்லை. அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்ளவில்லை.

கடைசியில் ஒரு சின்ன இடத்தில் வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளை பாட்டை விட்டுவிட்டுத் தன் பாட்டில் எங்கேயோ போகிறது. ட்ரம்காரன் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிக்கிறான். வேர்வை ஓடுகிறது. அந்தப் பிள்ளை திரும்பி வருகிறது. பழையபடி பாட்டு. படம் முடிந்தது.

சாக்கைக் கழற்றினார்கள். கண் கூசியது.

"இதுக்குப் பேர் ஜாஸ்," என்றார் சுவாமியார். "ஒராள் தன்ர வழியில போவார். மற்ற ஆக்கள் அவர் திரும்பி வருமட்டும் பிடிச்சுக்கொண்டு நிப்பினம்."

"வராட்டி?" என்று கேட்டான் ஓட்டோக்காரன்.

"வருவார்."

"எங்கட பாண்டில அப்பிடி ஒராள் போனா, மச்சான் அவரைக் கலைச்சுப் பிடிச்சுக் கொண்டுவந்து கட்டிப்போடுவார்."

"ஆமா, கட்டித்தான் போடுவாரு," என்றார் தையல்காரர். மேசன் அண்ணன் சிரித்தான். தம்பியும் சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரச் சோதனை எடுத்துவிட்டு இருக்கிறாள். தாய் இல்லை. கொழும்பில் இசை படிப்பிக்கிற ஒரு இடம் இருக்கிறது என்று சுவாமியார் விசாரித்துச் சொல்லியிருந்தார். திருவிழா முடிந்த கையோடு போய் ஊதிக் காட்ட வேண்டும். பிடித்தால் எடுப்பார்கள். ட்ரம்பெட்டைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். அவள் ஊதுகிற ட்ரம்பெட் கோயிலுடையது. கோயில் தந்தால்தான் கொழும்பு.

படம் பார்த்த பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் மீனுக்கு ஐஸ் போடுகிற வாடிக்குப் பின்னால் போய் ஊதினாள். ஊர்ச் சனம் கத்தும் என்று ட்ரம்பெட்டின் வாய்க்குள் ஈரத்துணி அடைத்திருந்தாள். நான் வலையில் சிக்கெடுத்துக்கொண்டு இருந்து கேட்டேன். செத்த வீட்டுப் பாட்டுத்தான் ஊதினாள். கொஞ்சம் போனதும் அது வேறு எங்கேயோ போகும். எனக்கு அது நல்லதா கூடாததா தெரியாது. திரும்பி வருகிற இடம் மட்டும் தெரிந்தது. அந்த இடத்தில் என் கை தானாக வலையை விடும்.

பிறகு ஒரு சம்மாட்டியார் செத்தார். வள்ளங்கள் வைத்திருந்தவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் தொழில் செய்தவர்கள். நானும் செய்திருக்கிறேன். ஊர் முழுக்க வந்தது.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சவப்பெட்டி வீட்டில் இருந்து கோயிலுக்கு, கோயிலில் இருந்து புதைக்கிற இடமான சேமக்காலைக்கு. வழியில் சிலுவைச் சந்தியில் பெட்டியை இறக்கி வைத்துச் செபம் சொல்வார்கள். பெட்டி தூக்குகிற ஆக்கள் பாட்டைக் கேட்பதில்லை. பெரிய ட்ரம்மைத்தான் கேட்பார்கள். அடிக்கு ஒரு கால். பாட்டு முடிய நான் சேர்த்து இரண்டு அடி அடிப்பேன். அதுதான் நில் என்ற சொல். அந்த இரண்டு அடி விழாமல் பெட்டி நிற்காது. நின்றால் பின்னுக்கு வருகிறவன் முன்னுக்கு நிற்பவன்மேல் ஏறுவான்.

இன்னொன்று. தாண்டின பெட்டியைத் திருப்புவதில்லை.

சம்மாட்டியாருக்கு ஒரு தங்கச்சி. உயிலங்குளத்தில் கட்டிக் கொடுத்தது. காணிப் பிரச்சினையில் அண்ணனும் தங்கச்சியும் கதைப்பதை விட்டுக் கனகாலம். செத்த வீட்டுக்கும் அவவைக் கூப்பிடவில்லை. கால் ஏலாது. ஓட்டோக்காரன்தான் விடியவே போய் ஏற்றிக்கொண்டு வந்து, சிலுவைச் சந்தியில் பூவரசுக்குக் கீழே ஒரு கதிரையில் இருத்திவிட்டு, ஓடிவந்து ட்ரம்மைக் கட்டினான். பெட்டி அங்கே நிற்கும். அப்போது பூவைப் போடலாம். அதுதான் ஏற்பாடு.

கோயிலில் இருந்து வெளிக்கிட்டோம். வெயில். மணல் சுட்டது. ட்ரம் வார் தோளை அறுத்துக்கொண்டு இருந்தது. சிலுவை தெரிந்தது. கதிரை தெரிந்தது. பாட்டின் கடைசி வரி. நான் இரண்டு அடிக்குக் கையை ஓங்கினேன்.

மகள் நிறுத்தவில்லை.

மேலே போனாள். துணி அடைக்காமல் அவள் அப்படி ஊதி நான் கேட்டதில்லை. மச்சான் கிளாரினெட்டை வாயில் இருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேசன்மார் இரண்டு பேரும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்தார்களோ, தெரிந்து பிடித்தார்களோ. நான் அவளுடைய முதுகைப் பார்த்தேன்.

இரண்டு அடி அடித்தால் முடிந்திருக்கும். அவள் இன்னும் திரும்பி வரவில்லை. நான் நடை அடியையே அடித்துக்கொண்டு போனேன்.

பெட்டி சிலுவையைத் தாண்டியது. கதிரையைத் தாண்டியது. அந்த மனிசி பூவோடு பாதி எழும்பி, ஏலாமல் திரும்பவும் கதிரையில் இருந்தது. பூ மடியில்.

மகள் பாட்டுக்குத் திரும்பி வந்தபோது சேமக்காலை வாசல் படலை தெரிந்தது. அப்போதுதான் நான் இரண்டு அடி அடித்தேன்.

சனம் கத்தியது. "பெட்டியைத் திருப்பாதேங்கோ! திருப்பாதேங்கோ!" ஓட்டோக்காரன் ட்ரம்மை மணலில் எறிந்துவிட்டு ஓடினான். தையல்காரரும் ஓடினார். இரண்டு பேரும் அந்த மனிசியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல்காரருக்கு ஒரு செருப்புப் போய்விட்டது. படலையடியில் கதிரையை வைத்தார்கள். மனிசி பூவைப் போட்டது. அழவில்லை. மூச்சு வாங்கியது தூக்கினவர்களுக்குத்தான்.

அடுத்த நாள் பங்குச் சபை கூடியது. சம்மாட்டியாரின் மூத்த மகன் நின்றுகொண்டு கதைத்தான். அப்பாவின் செத்த வீட்டில் கூத்து ஆடிவிட்டார்கள் என்றான். ட்ரம்பெட்டை வாங்கிக் கோயில் அலுமாரியில் பூட்ட வேண்டும் என்றான். சிலர் தலையாட்டினார்கள்.

நான் எழும்பினேன். சபையில் நான் கதைப்பதில்லை.

"பெட்டி நிக்கிறதும் போறதும் ட்ரம்மில. நான்தான் அடிக்கேல்லை. பூட்டிறதெண்டா ட்ரம்மைப் பூட்டுங்கோ."

"ட்ரம்மைப் பூட்டினா திருவிழாவுக்கு ஆர் சுமக்கிறது? நீங்களோ?" என்று மற்றப் பக்கத்தில் இருந்து ஓட்டோக்காரன் அந்த மூத்த மகனைக் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். சுவாமியார் கையைக் காட்டினார். அடங்கினார்கள்.

முதலில் மனம் நொந்த ஆளிடம் கேட்போம் என்றார் சுவாமியார். தானே மோட்டார் சைக்கிளில் உயிலங்குளம் போய்வந்தார். வந்து, அந்த மனிசி சொன்னதை அப்படியே சொன்னார்.

"அண்ணன் உயிரோட இருக்கேக்கையும் என்ர வாசலில நிக்காமத்தான் போறவர். செத்தாப்பிறகு நிப்பாரே? அந்தப் பிள்ளையை ஏன் பேசிறியள்?"

மூத்த மகன் எழும்பிப் போனான்.

ட்ரம்பெட் யார் கையில் இருப்பது என்று பாண்டே முடிவெடுக்கட்டும் என்று சபையார் விட்டுவிட்டார்கள். பாண்டில் பாதிக்கு மேல் கை தூக்கினால் அவளிடம். இல்லாவிட்டால் அலுமாரி.

அந்த இரவு மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?"

"சாப்பிடு."

"நிப்பாட்டுவியள் எண்டுதான் நினைச்சனான்."

"பேந்து ஏன் போனனீ?"

அவள் ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தாள். "உங்கட அடி கேட்டுக்கொண்டு இருந்தது," என்றாள்.

மீன் சூடை. முள் கூடுதல். சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

ஞாயிறு அதே மண்டபம். அதே ஆக்கள். யன்னல் திறந்து இருந்தது. மகள் வெளியே வேம்படியில் நின்றாள். ட்ரம்பெட் மேசையில் இருந்தது. துடைத்து வைத்திருந்தாள். அவளை விட்டால் பாண்டில் நாங்கள் ஆறு பேர். நாலு கை வேண்டும்.

"தகப்பன்ர கை கணக்கில்லை," என்றார் மச்சான்.

"அப்ப மாமன்ர கையும் கணக்கில்லை," என்றான் ஓட்டோக்காரன்.

"நான் பாண்டுக்குப் பொறுப்படா."

"அவர் பாண்டுக்குத் தோள். நீங்கள் ஒருக்கா அந்த ட்ரம்மைக் கட்டிக்கொண்டு சேமக்காலை மட்டும் நடந்துபோட்டு வந்து கதையுங்கோ."

மச்சான் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் ட்ரம்பெட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சரி. எல்லாக் கையும் கணக்கு," என்றார் மச்சான். "நான் தூக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன். எனக்கு அவள் தங்கச்சியின்ர பிள்ளை. அவள் கெட்டிக்காரிதான். ஆனா பாண்ட் பெட்டிக்குப் பின்னால போறது. பெட்டி பாண்டுக்குப் பின்னால வாறதில்லை."

அதில் பிழை இல்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

"பிள்ளையிட்ட ட்ரம்பெட் இருக்கட்டும் எண்டிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஓட்டோக்காரன் தூக்கினான். இரண்டு கையையும் தூக்கினான். "ஒண்டை இறக்கு," என்றார் மச்சான். இறக்கினான்.

தையல்காரர் தூக்கினார். "புதுச் செருப்பு வாங்கித் தரச் சொல்லுங்க," என்றார்.

மேசன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அவன் சம்மாட்டியார் வீட்டு மதில் வேலை செய்துகொண்டிருந்தான். தூக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அண்ணன் செய்வதைத்தான் தம்பி செய்வான். நான் நிலத்தைப் பார்த்தேன். சீமெந்து வெடித்திருந்தது.

"டேய்," என்றான் அண்ணன். நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் கை மேலே இருந்தது.

"இறக்கடா."

"இல்லையண்ணை. அண்டைக்கு நாங்களும்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்."

அண்ணன் தம்பியையே பார்த்தான். இருமினான். தம்பி இருமவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார்.

எனக்கு வலக்கை எழும்பவில்லை. செத்த வீட்டுக்குப் பிறகு தோள் அப்படியே பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வலை இழுத்ததோடு இன்னும் மோசம். காதளவுக்குக்கூட வரவில்லை. இடக்கையைத் தூக்கினேன்.

மச்சான் விரலை நீட்டி ஒவ்வொரு கையாய் எண்ணினார். ஆற அமர எண்ணினார். எண்ணி முடிந்ததும் யன்னலால் வேம்படியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

நாலு.